எஸ்.ஏ.டி. தேர்வுப் பயிற்சி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தயார்செய்யும் பணி இது. பெரும்பாலோர் 11-ஆம் வகுப்பின் பிற்பகுதியில் ஒருமுறையும் 12-ஆம் வகுப்பின் தொடக்கத்தில் மறுமுறையும் தேர்வெழுதுகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், தனிப்பயிற்சியாளர்கள், கட்டணப் பயிற்சி நிறுவனங்கள், பொது நூலகங்கள், இலவச இணையத்தளங்கள் எனப் பலரும் இதில் ஈடுபட்டுள்ளனர். எஸ்.ஏ.டி.க்குப் போட்டியான ஏ.சி.டி. தேர்வு 1959-இல் அயோவாவில் உருவானது. அதற்கான பயிற்சியும் ஏறத்தாழ இதே வழியில்தான் நடக்கிறது.

எஸ்.ஏ.டி. முதன்முதலில் நடந்தது 1926 ஜூன் 23 அன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகாம் அதை வடிவமைத்தார். படித்த பாடத்தைவிட மாணவரின் இயல்பான அறிவுத்திறனையே தேர்வு அளக்கிறது என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. அதனால், பயிற்சி எடுத்து மதிப்பெண்ணை உயர்த்த முடியாது என்று தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு பல பத்தாண்டுகள் சொல்லிவந்தது. புரூக்ளினில் பெற்றோர் வீட்டின் நிலவறையில் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த ஸ்டான்லி கப்லான், 1946 முதல் எஸ்.ஏ.டி. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு இந்தக் கூற்றுக்கு மாறாக நடந்துகாட்டினார். கூட்டரசின் வணிக ஆணையம் பயிற்சி நிறுவனங்களை விசாரித்து, பயிற்சியால் ஓரளவு பலன் உண்டு என்று 1979-இல் அறிவித்தது. அதன்பின் இத்தொழில் வேகமாக வளர்ந்தது. பிரின்ஸ்டன் ரிவியூ நிறுவனம் 1981-இல் தொடங்கியது.

அந்தப் பலன் எவ்வளவு என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கத்துக்காக டெரெக் பிரிக்ஸ் 2009-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கட்டண வகுப்பால் கிடைக்கும் சராசரி உயர்வு 1600-க்கு ஏறத்தாழ 30 புள்ளிகள்தான் என்று தெரிந்தது. விளம்பரங்கள் உறுதியளிப்பது இதைவிட மிக அதிகம். இரண்டாம் முறை எழுதும்போது வகுப்புக்குப் போகாதவர்களின் மதிப்பெண்ணும் சற்று ஏறுவதுண்டு. அந்த ஏற்றத்தையும் சேர்த்தே விளம்பரங்கள் கணக்குக் காட்டுகின்றன.

வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் தேர்வு கணினிக்கு மாறியது. மொத்தம் 2 மணி 14 நிமிடம், 98 கேள்விகள்: வாசிப்பு, எழுத்து இரண்டுக்கும் சேர்த்து 54, கணிதத்துக்கு 44. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் மாணவர் எப்படிச் செய்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டாம் கட்டம் எளிதாகவோ கடினமாகவோ வரும். எளிய கட்டத்துக்குப் போனவர் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது என்பதால், முதல் கட்டத்தின் கவனப்பிழைகளைக் குறைப்பதே இன்றைய பயிற்சியில் தலையாய வேலை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் முறை 2016-இலேயே நீங்கிவிட்டது. எந்தக் கேள்வியையும் விடையின்றி விடக் கூடாது. தேர்வுச் செயலியிலேயே வரைபடக் கணிப்பான் இருக்கிறது. அதை முன்பே கையாண்டு பழகியவருக்குக் கணிதப் பிரிவில் நேரம் மிஞ்சும்.

நல்ல பயிற்சியாளர் முதலில் ஒரு முழு மாதிரித் தேர்வை நேரக்கணக்கோடு எழுதவைப்பார். பிறகு பிழைகளை வகைபிரிப்பார்: பாடம் தெரியாததால் வந்தது, கேள்வியைத் தவறாகப் படித்ததால் வந்தது, நேரம் போதாமல் போனது. மூன்றுக்கும் மருந்து வேறு. பின்னச் சமன்பாடு தெரியாத மாணவருக்கு விடை ஊகிக்கும் உத்தி உதவாது. அந்தப் பாடத்தை மறுபடி நடத்தத்தான் வேண்டும். மாதிரித் தேர்வுகளை எழுதிக் குவிப்பதைவிட, எழுதிய ஒன்றைக் கேள்வி கேள்வியாக அலசுவதில்தான் மாணவர் முன்னேறுகிறார். வாசிப்புப் பிரிவுக்குச் சில வார உத்திகள் போதாது. பல ஆண்டு வாசிப்புப் பழக்கமே அங்கு கைகொடுக்கும். 9-ஆம் வகுப்பிலேயே அதைத் தொடங்கிவைப்பது பள்ளியின் கடமை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிகப் பயிற்சி பெறுகிறார்கள் என்பது இத்துறையின் ஆறாத குறை. காலேஜ் போர்டும் கான் அகாடமியும் 2015-இல் சேர்ந்து தொடங்கிய இலவசப் பயிற்சி அதை ஓரளவு குறைத்தது. ஆனால் தேர்வுக்கே வராத பிள்ளைக்கு இலவசப் பாடத்தால் பயனில்லை. மிச்சிகன் மாநிலம் 2007 முதல் 11-ஆம் வகுப்பினர் எல்லோரையும் பள்ளியிலேயே ஏ.சி.டி. எழுதவைத்தபோது, கல்லூரிக்குத் தகுதியான மதிப்பெண் பெறக்கூடிய ஏழை மாணவர்கள் பலர் வெளிப்பட்டார்கள். அதுவரை அவர்களை யாரும் தேர்வுக்கு அழைத்ததே இல்லை.

2020 பெருந்தொற்றின்போது பல கல்லூரிகள் மதிப்பெண் கேட்பதை நிறுத்தின. எம்.ஐ.டி. 2022-இலும், டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை 2024-இலும் மீண்டும் கேட்கப்போவதாக அறிவித்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கையில் இம்மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆகவே விண்ணப்பிக்கும் கல்லூரியின் விதியைப் பார்த்த பிறகே பயிற்சியைத் திட்டமிட வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்தின் 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் இருமுறை கட்டணமின்றி எஸ்.ஏ.டி. எழுதலாம். தனியார் வகுப்புக்குப் பணம் கட்டும் முன், பெற்றோர் பள்ளி ஆலோசகரைப் பார்த்து இந்தச் சலுகையைக் கேட்டு வாங்கட்டும்.