செகண்ட் ஹேண்டில் 'டர்போ' கார் வாங்கப் போறீங்களா? விருதுநகர், சிவகாசி பக்கம் கவனிக்க வேண்டியது என்ன?

தீபாவளி போனஸ், சீட்டுப் பணம், கொஞ்சம் சேமிப்பு என்று எல்லாம் சேர்த்து நாலைந்து லட்சம் கையில் இருக்கிறது. புது கார் வாங்கினால் அடிப்படை மாடல்தான் கிடைக்கும். அதே காசுக்கு ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு 'பிக்கப்' உள்ள கார் கிடைக்கும்; சர்வீஸை நாமே பார்த்துக்கொண்டால் செலவும் குறையும். சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பக்கம் பல இளைஞர்களுக்கு இருக்கும் கணக்கு இது. கணக்கு தப்பில்லை. ஆனால் எந்த வண்டி என்பதில் சறுக்கினால், கார் விலையில் பாதி பட்டறையில் போய்விடும்.

எந்தெந்த மாடலைப் பார்க்கலாம், வாங்கும்போது எதைச் சோதிக்கணும், பட்டாசு ஊரில் மட்டும் கூடுதலாக என்ன யோசிக்கணும் என்பதைப் பார்க்கலாம்.

பெர்ஃபார்மன்ஸ் கார் என்றால் எது?

நம் பட்ஜெட்டில் இது 200 கி.மீ. வேகத்தில் பறக்கிற கார் இல்லை. எடை குறைவாக, இன்ஜின் சக்தி 100 குதிரைத்திறனைத் தொடுகிற, வளைவில் ஆடாமல் நிற்கிற சின்ன கார். இந்தியாவில் இப்படிப்பட்ட கார்கள் கொஞ்சம்தான் வந்தன. வந்ததும் பெரிதாக விற்கவில்லை. இன்று அவை மலிவாகக் கிடைக்க அதுதான் காரணம். பார்ட்ஸ் தேட வேண்டியிருப்பதற்கும் அதே காரணம்தான்.

எந்த மாடல் யாருக்கு?

முதலில் மாருதி பலேனோ ஆர்.எஸ். 2017 மார்ச்சில் வந்தது. 1 லிட்டர் டர்போ பெட்ரோல், 102 குதிரைத்திறன், எடை சுமார் 950 கிலோ. பின் சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உண்டு. 2020-ல் நிறுத்திவிட்டார்கள். இதில் இருக்கும் பெரிய வசதி, இன்ஜினைத் தவிர மற்றதில் பெரும்பாலானது சாதாரண பலேனோ. கண்ணாடி, சஸ்பென்ஷன் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் அந்த இன்ஜின் ஜப்பானில் இருந்து இறக்குமதி ஆனது. டர்போ பக்கம் ஏதாவது போனால் காத்திருக்க வேண்டியிருக்கும். நாமே வேலை பார்க்கப் பழகணும் என்று நினைப்பவர்களுக்கு, என் கணக்கில், முதல் தேர்வு இதுதான்.

அடுத்தது நம்ம கோயம்புத்தூர் கைவண்ணம். டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்று இரண்டு கார்களைக் கொண்டுவந்தன. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 குதிரைத்திறன். டியாகோவின் அன்றைய ஷோரூம் விலை 6.39 லட்சம் ரூபாய். ரேஸ் பின்னணி உள்ளவர்கள் சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, ஸ்டீயரிங்கைச் சரிசெய்து கொடுத்த கார். எண்ணிக்கை குறைவு என்பதால் தேடிப் பிடிக்கணும். கிடைத்தால், அதற்கென்றே தனியாகச் செய்த பாகங்கள் எல்லாம் வண்டியில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண டியாகோ பாகம் மாட்டியிருந்தால் அது பேருக்குத்தான் ஜே.டி.பி.

ஃபியட் அபார்த் புன்டோ, 2015-ல் வந்தது. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நூறு கி.மீ. வேகத்துக்கு 8.8 நொடி என்று கம்பெனி சொன்னது. இந்த விலையில் இவ்வளவு சக்தி வேறு எதிலும் இல்லை. ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஒரு ஹெட்லைட் உடைந்தால் புதுப்பேட்டை வரை தேட வேண்டியிருக்கும். வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

ஃபோக்ஸ்வேகன் போலோவில்தான் பலர் குழம்புகிறார்கள். 2013-ல் வந்த ஜிடி டிஎஸ்ஐ 105 குதிரைத்திறன்; கூடவே 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். ஓட்ட அருமை. ஆனால் அந்த கியர்பாக்ஸில் இருப்பது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். நெரிசலில் நின்று நின்று போனால் சூடாகும். அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போனால், அதை வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுச் சரிசெய்ய முடியாது. விலை குறைவாக இருக்கிறதே என்று இதில் கை வைக்காதீங்க. அதே போலோவில் டீசல் ஜிடி டிடிஐ மேனுவல் கியர். 250 நியூட்டன் மீட்டர் இழுவை. 2020-க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவல் 110 குதிரைத்திறன். 2022-ல் போலோவே நின்றுவிட்டதால் அதன் விலை இறங்க மறுக்கிறது.

டீசல் போதும் என்பவர்களுக்கு 2015-க்குப் பிறகு வந்த ஃபோர்டு ஃபிகோ 1.5. 100 குதிரைத்திறன், மைலேஜும் உண்டு, இழுவையும் உண்டு. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு விலை இறங்கியது. இதில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்ற பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினே போய்விடும்.

2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக்கைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். டர்போ இல்லாமலே 106 குதிரைத்திறன். ஆனால் 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது, எஃப்.சி. பாஸாகணும், பசுமை வரியும் உண்டு. ஆசைக்கு வாங்கலாம், அவசரத்துக்கு வேண்டாம்.

இன்னொரு விஷயம், புரோக்கர்கள் சொல்ல மாட்டார்கள். பலேனோ ஆர்.எஸ்., போலோ டிஎஸ்ஐ இரண்டிலும் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. அதனால் உள்ளே போகும் வால்வின் மேல் பெட்ரோல் படாது. நாளாக ஆகக் கரி படியும். பிக்கப் குறைவது, ஐடிலில் உதறுவது இதன் அறிகுறி. அபார்த், ஜே.டி.பி. இரண்டிலும் பழைய முறை, இந்தத் தொல்லை குறைவு.

வெள்ளத்தில் மூழ்கிய காரா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலியில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையில் மிக்ஜாம். அப்போது மூழ்கிய கார்கள் எல்லாமே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. நமக்குப் பக்கத்து மாவட்டம் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மூழ்கிய கார் என்றால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள், டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் முனைகள் இங்கெல்லாம் துரு, மண் இருக்கிறதா பாருங்கள். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் சந்தேகப்படலாம். ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓட விட்டால் பழைய ஈர வாடை வெளியே வந்துவிடும்.

பார்க்கப் போகும்போது என்ன செய்யணும்?

காலையில் போங்க. "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கண்ணே, நான் வந்து பார்த்துக்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகை நிறையச் சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீல் அல்லது பிஸ்டன் ரிங். விடாமல் வரும் வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில் மோர் போல நுரை, இரண்டும் சேர்ந்து இருந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடலாம்.

ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கி போனோடு இணைத்துக்கொள்ளுங்கள். எரர் கோடு இல்லை என்றதும் சந்தோஷப்பட வேண்டாம். அதில் 'ரெடினஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ கோடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். பேட்டரி மாற்றிய பில் கேளுங்கள். இல்லையென்றால் நாலு நாள் ஓட்டிவிட்டுத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. நான்கு டயரும் நான்கு பிராண்ட் என்றால், விற்பவர் மற்ற செலவுகளிலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

ஊருக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். விருதுநகர் - சாத்தூர் நான்கு வழிச்சாலையில் ஒரு இருபது கி.மீ. ஓட்டுங்கள். மேட்டில் மூன்றாவது கியரில் முழுசாக மிதிக்கும்போது ஆர்.பி.எம். ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

வாங்கிய பிறகு வீட்டில் என்ன வேலை?

பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கும்போதே ஒதுக்கி வையுங்கள். வந்த முதல் வாரத்தில் இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். முந்தைய ஓனர் மாற்றினாரா என்ற கேள்வியே வேண்டாம். டர்போ இன்ஜினுக்கு மேனுவலில் சொன்ன தரத்தில்தான் ஆயில் ஊற்றணும். டர்போவின் தண்டு சுழல்வது அந்த ஆயில் படலத்தின் மேல்தான்.

நம் பக்கத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. 'அவசரத்துக்கு' என்று ரேடியேட்டரில் ஊற்றிய அந்தத் தண்ணீர், கொதிகெண்டியின் அடியில் படிவது போல உள்ளே படிந்து வழியை அடைக்கும். மே மாத வெயிலில் டர்போ காருக்கு அது தாங்காது. கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நான்கு வழிச்சாலையில் விரட்டி வந்து நிறுத்தும்போது உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் இ20 பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. பங்கில் இப்போது கிடைப்பது அதுதான். எரிபொருள் ஹோஸ்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பாருங்கள்.

கருவிகளில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. காருக்கு அடியில் போகணும் என்றால் ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்ட் வேணும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அது சொல்லிக்கொண்டு உடையாது. ஏர்பேக், ஏ.சி. கேஸ், டைமிங் பெல்ட் இந்த மூன்றையும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

சைலன்சரில் 'பட பட' சத்தம் வைக்கலாமா?

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் இருந்து வெடிச் சத்தம், சில கார்களில் தீயும் வரும். இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, எரியாத பெட்ரோலை வேண்டுமென்றே சைலன்சர் குழாயில் எரிய வைக்கிறார்கள். இதற்காகப் பலர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கழற்றிவிடுகிறார்கள்.

வேறு ஊரில் இது தொந்தரவு. இங்கே அது ஆபத்து. சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் ரோட்டோரம் பட்டாசுக் கடை, குடோன், காகிதக் குழாய் காயும் களம் என்று வரிசையாக இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. தீப்பொறிக்கு பயந்து செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் வாழும் ஊரில், தீ கக்கும் சைலன்சருக்கு வேலை இல்லை. நல்ல நிலையில் உள்ள காரையும் காய்ந்த புல், காகிதக் குப்பை மேல் நிறுத்தாதீங்க. ஓடி வந்த கன்வெர்ட்டரின் சூடு போதும் பற்ற வைக்க. வீட்டில் கிரைண்டிங், வெல்டிங் வேலையும் குடோன் பக்கத்தில் வேண்டாம்.

சட்டமும் இதே பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முந்தைய ஓனர் மாற்றியிருந்தாலும், இன்று ஆர்.சி.யில் பெயர் உங்களுடையது. வாங்கும்போதே கழற்றிய ஒரிஜினல் சைலன்சரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

பேப்பர் வேலை

விருதுநகர் டி.என். 67 வண்டியாக இருந்தால் சுலபம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, இன்சூரன்ஸ், புகைச் சான்று. லோன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் நீங்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் படிவம் 35-ம், பேங்க் கடிதமும் வேணும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்லி பகுதியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, அங்கிருந்து மலிவு கார்கள் தெற்கே வருகின்றன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, மறுபதிவு எல்லாம் கூட்டினால் மிச்சம் எவ்வளவு என்று பேனா எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

"பேரு மாத்துறது மெதுவா பார்த்துக்கலாம் தம்பி" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்பவருக்கும் அது நல்லதல்ல: ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கும் 14 நாள்தான். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் காரோடு வராது, அதனால் பிரீமியத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.