வேதியர் இல்லாத நந்தனார்

பிரெஞ்சு ‘கிராண்ட் ஆபரா’ என்றால் நாலைந்து அங்கம், பெருங்கூட்டமான கோரஸ், நடுவே பாலே. முழுதாக மேடையேற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற காரியம். அதனால் சிறந்த பாட்டுகளைப் பொறுக்கிக் கச்சேரியாக்கி இணையத்தில் நேரலை விடுகிறார்கள். இந்தப் பொறுக்கல் நமக்குப் புதிதல்ல. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில், சீசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரை பாரதி அதில் கொண்டுவந்தார்: தில்லைக்குப் போக உத்தரவு கேட்கும் நந்தனை ஏசி, வயல் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிற பண்ணை வேதியர். கதையின் முடிச்சே அவர்தான். ஆனால் கச்சேரி மேடையில் தங்கியவை நந்தன் ஏங்கி உருகும் பாட்டுகள்; வேதியரின் ஏச்சு அபூர்வமாகத்தான் கேட்கிறது. எதிராளி போனதும், தடுக்கப்பட்டவனின் வேதனை வெறும் பக்தியாகிவிட்டது.

இதே கதிதான் ஹலேவியின் ‘லா ஜுயிவ்’ ஆபராவுக்கும். 1835இல் பாரிஸில் அரங்கேறியது. கதை நடப்பது 1414இல், கான்ஸ்டன்ஸ் நகரத்தில். நாலாவது அங்கத்தில், தன் வைராக்கியத்துக்காக மகளைச் சாகவிடுவதா என்று யூதப் பொற்கொல்லர் எலெயாசார் தவிக்கும் பாட்டை 1920இல் பாடகர் கரூசோ இசைத்தட்டில் பதிந்தார். தனியே கேட்டால் அது ஒரு தகப்பனின் துக்கம், அவ்வளவே. முதல் அங்கத்தில் அவருடைய உயிருக்குக் கூச்சலிடும் ஊர்க்கூட்டத்தின் கோரஸைக் கேட்டவருக்குத்தான் அந்தத் துக்கம் யார் கொடுத்தது என்று தெரியும்.

துண்டுகள்தான் முழுமையைக் காப்பாற்றின என்று வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன்: 1934க்குப் பின் பாரிஸ் ஆபராவுக்கு லா ஜுயிவ் திரும்பியது 2007இல்தான், இடைவெளியில் அதன் பெயரை நிலைநிறுத்தியதில் தட்டுகளுக்குப் பங்குண்டு. ரசிகருக்குக் கதை தெரியுமே என்பது இரண்டாவது வாதம். அது கதாகாலட்சேபம் ஊரூராக நடந்த காலத்துக்குச் சரி. பாரதி எழுதியதே காலட்சேபத்துக்குத்தான். பாட்டுக்குப் பாட்டு பாகவதர் கதையை எடுத்துச் சொல்வார். இன்று கைப்பேசியில் கேட்பவருக்கு அதை யார் சொல்கிறார்கள்? பழைய தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடந்தான் அடங்கும். வெட்டியதற்கு அது நியாயமான காரணம். நேரலைக்கு அந்தக் கட்டு கிடையாது. திரையில் வரிகளை ஓடவிடலாம், இரண்டு நிமிடம் கதை சொல்லலாம். விடுபட்ட பகுதிகளும் தொலைந்துவிடவில்லை. பழைய பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும்கூடப் பொறுப்பாகக் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது. நந்தனாருக்கென்று ஒரு மாலையை ஒதுக்கும் சபா, முதலில் வேதியரைப் பாட ஒருவரைப் பிடிக்கட்டும்.