இரும்புக்கு முன்னும் பின்னும் காகிதம்

காகித ராக்கெட்டின் உடல் ஓர் உருட்டிய குழாய். பசை தடவிய தடித்த காகிதத்தை ஒரு கம்பியின் மேல் பல சுற்று இறுக்கிச் சுற்றிக் காயவைத்தால் மூங்கிலை ஒத்த உறுதி வந்துவிடும். மேல்முனையை அடைத்து, கீழ்முனையைக் களிமண்ணால் குறுகலான கழுத்தாக்குவார்கள். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும் கலந்த கருமருந்து உள்ளே இடித்துக் கெட்டிக்கப்படும். அதன் நடுவே கழுத்திலிருந்து மேல்நோக்கி ஒரு துளை செல்லும். தொழிலின் உயிர் இந்தத் துளையில்தான் இருக்கிறது. துளை இருந்தால் அதன் உட்சுவர் முழுவதும் ஒரே சமயத்தில் பற்றி, பெருகும் வாயு கழுத்து வழியே சீறி வெளியேறும். குழாய் எதிர்ப்பக்கம் பாயும். துளை இல்லாவிட்டால் மருந்து அடிமுனையில் மட்டும் நிதானமாக எரியும், ராக்கெட் எழும்பாது.

பக்கவாட்டில் கட்டிய நீண்ட குச்சி திசையைக் காக்கிறது. எடை முன்புறமும் காற்றின் அழுத்தம் பின்புறமும் விழுவதால், மூக்கு விலகினால் காற்றே வாலைத் தள்ளி நேராக்கிவிடும். விரல்மேல் கிடத்திப் பார்க்கும்போது கழுத்துக்குச் சற்றுப் பின்னால் சமநிலை கிடைத்தால் குச்சியின் நீளம் சரி.

குழாய், கழுத்து, துளை, குச்சி ஆகிய நான்கும் வாணவேடிக்கையிலேயே தேர்ந்துவிட்டன. ராக்கெட்டின் வரலாற்றைப் போர்க்களத்தில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது; அது பாதிக் கதைதான். 1443-இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவின் வாணவேடிக்கையைக் கண்டு எழுதியிருக்கிறார். ஒடிசாவின் கஜபதி அரசர் பிரதாபருத்திர தேவர் (ஆட்சி 1497–1540) பெயரில் வழங்கும் ‘கௌதுக சிந்தாமணி’ என்ற வடமொழி நூல் வாண வகைகளின் கலவைகளைத் தருகிறது.

அடுத்த கட்டத்துக்குத் தமிழகத் தொடர்பு உண்டு. ஐதர் அலியின் தந்தை ஃபத்தே முகமது, ஆற்காட்டு நவாபின் படையில் 50 ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். அங்கே மூங்கில் ராக்கெட்டுகள் பெரும்பாலும் சைகை காட்டவே பயன்பட்டன. மகன் மைசூரை ஆண்ட காலத்தில் குழாய் இரும்பானது. காகிதமும் மூங்கிலும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. மருந்தை இன்னும் இறுக்கிக் கெட்டிக்க முடிந்தது. மைசூர் ராக்கெட்டின் குழாய் ஏறத்தாழ 8 அங்குல நீளம். 4 அடி மூங்கில் அதன் வால். சிலவற்றுக்கு வாளலகே வாலாயிற்று. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள நகராவில், 2018-இல் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து இத்தகைய ராக்கெட்டுகள் 1000-க்கு மேல் எடுக்கப்பட்டன.

மைசூர்ப் படைகள் தமிழகத்திலும் நடமாடின. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் தியாகதுருகம் மலைக்கோட்டை நிற்கிறது. 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் படை உதவிக்கு ஈடாக இந்தக் கோட்டையை மைசூருக்குக் கொடுத்தார்கள். 1790-இன் இறுதியில் ஐதரின் மகன் திப்பு சுல்தான் இதைத் தாக்கியபோது காத்து நின்றவர் ஆங்கிலேயப் படையின் கேப்டன் ஃபிளின்ட். முந்தைய போரில் வந்தவாசிக் கோட்டையைக் காத்தவரும் அவரே. திப்பு கோட்டையைப் பிடிக்க முடியாமல் திருவண்ணாமலைப் பக்கம் நகர்ந்தார். இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று மைசூர்ப் படையிடம் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அவரது வெடிமருந்து வண்டிகளைத் தகர்த்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. புகழ் முழுவதையும் ராக்கெட்டுக்கே கொடுக்கும் பாடநூல் வழக்கம் திருத்தப்பட வேண்டியது.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அங்கே வில்லியம் காங்கிரீவ் 1804-இல் சோதனையைத் தொடங்கியபோது கையில் எடுத்தது லண்டன் வாணக்காரர்களின் காகித ராக்கெட்டுகளை. அவை சுமார் 500 கெஜம் போயின. இரும்புக் குழாய்க்கு மாறியதும் 2000 கெஜம் எட்டின. மைசூர் அடைந்த முடிவை அவரும் காகிதத்திலிருந்துதான் சென்றடைந்தார்.

காகிதம் போர்க்களத்தை விட்டதே தவிர, தொழிலை விடவில்லை. கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் 1934 முதல் பத்தாண்டுகள் வாண ராக்கெட்டுகளில் கடிதங்களை வைத்து அனுப்பினார். 1935-இல் சிக்கிம் மன்னரின் ஆதரவோடு ஆற்றைத் தாண்டியும் அனுப்பினார். அதே கல்கத்தாவுக்குத்தான் 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனார்கள். தீப்பெட்டியில் தொடங்கிய ஊர், 1940-களில் பட்டாசு ஆலைகளின் ஊராயிற்று. அங்கே காகிதக் குழாய் உருட்டிய கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. தீபாவளி ராக்கெட்டின் நேரான பாய்ச்சல் அந்த உருட்டலின் இறுக்கத்தில் இருக்கிறது. பெயர் பதிவாகாத அந்தத் தொழிலாளர்களுக்கு ராக்கெட் வரலாற்றில் தளபதிகளுக்குச் சமமான இடம் உண்டு.

மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு 1950-களில் அமெரிக்காவில் உருவானது. நெப்ராஸ்காவில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் 1954-இல் காகித உடலும் பாராசூட்டும் கொண்ட ராக்கெட்டைச் செய்தார்; மருந்து தனிக் குழாயில் இருந்ததால், அதை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் பறக்கவிட முடிந்தது. ஸ்புட்னிக் ஏவப்பட்ட காலத்தில் சிறுவர்கள் உலோகக் குழாயில் மருந்து அடைத்துக் காயம்பட்டும் உயிரிழந்தும் வந்தார்கள். காகித உடல் வெடித்தாலும் உலோகச் சில்லாகத் தெறிக்காது. ராக்கெட் பொறியாளர் ஹாரி ஸ்டைன் வகுத்த பாதுகாப்பு விதிகள் உடலுக்குக் காகிதம், மரம், பிளாஸ்டிக் போன்ற எடை குறைந்த பொருட்களையே அனுமதித்தன. குச்சியின் இடத்தில் சிறகுகள் வந்தன.

இந்தியாவில் வெடிமருந்துத் தயாரிப்பை 1884-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்துக்கு உட்படுத்துகிறது. அதனால் பள்ளிகளுக்கு ஏற்றது காற்றழுத்த ராக்கெட். பிவிசி குழாயின் மேல் தாளைச் சுற்றி ஒட்டி, மூக்கைக் காற்றுப் புகாமல் அடைத்து, அடியில் அட்டைச் சிறகுகள் மூன்று வைக்க வேண்டும். குழாயின் மறுமுனையில் பொருத்திய காலி பிளாஸ்டிக் பாட்டிலை மிதித்தால் ராக்கெட் பறக்கும். தள்ளாடினால் மூக்கில் சிறிது களிமண் சேர்த்தால் போதும். இதற்குக் கருமருந்தும் வேண்டாம், உரிமமும் வேண்டாம்.