டி. ஆர். சேஷாத்ரி

டி. ஆர். சேஷாத்ரி (3 பிப்ரவரி 1900 – 27 செப்டம்பர் 1975): தாவர நிறப்பொருள்களை ஆராய்ந்த கரிம வேதியியல் பேராசிரியர். ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய 40 ஆண்டுகள் பணியாற்றினார். அவர் பெயரில் 1,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் உள்ளன. அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் சுமார் 160 பேர்.

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் பூவரசும் புங்கமும் வேம்பும் இல்லாத தெரு இராது. காலையில் மஞ்சளாக விரிந்து, மாலைக்குள் சிவக்கத் தொடங்கும் பூவரசம்பூவில் அந்த மஞ்சளைத் தருவது எது என்று ஒரு கல்லூரி மாணவர் தேடத் தொடங்கினால், சேஷாத்ரியும் அவருடைய மாணவர்களும் எழுதிய பழைய கட்டுரைகளில்தான் போய் நிற்பார். நம் வாசலில் இருப்பவற்றை முதல்தரமான வேதியியலுக்குப் பொருளாக்கியதே அவருடைய பெரும்பணி.

பிறந்தது காவிரிக்கரைக் குளித்தலையில். தந்தை பள்ளி ஆசிரியர். ஐந்து மகன்களில் இவர் மூன்றாமவர். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப்படிப்பு. 1917-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் ஆனர்ஸ் சேர்ந்தபோது குடும்பத்தால் செலவைத் தாங்க முடியவில்லை. ராமகிருஷ்ணா மிஷன்தான் கைகொடுத்தது. பட்டம் பெற்றதும் ஓராண்டு அந்த மிஷனுக்காகவே உழைத்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் பி. பி. டேயிடம் ஆய்வு செய்தார். 1927-இல் உதவித்தொகையுடன் மான்செஸ்டர் சென்று, பின்னாளில் (1947) நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சனிடம் 1929-இல் முனைவர் பட்டம் பெற்றார். மலேரியா மருந்துகளும் பூக்களின் நிறப்பொருள்களும் அங்கே அவர் கைபட்டவை. திரும்பும் முன் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஃபிரிட்ஸ் பிரெகலிடம் நுண்பகுப்பாய்வு கற்றார். சில மில்லிகிராம் பொருளை எரித்து, அதிலுள்ள கார்பன், ஹைட்ரஜன் அளவைக் கணக்கிடும் முறை அது. கிலோக்கணக்கில் பூவை வேகவைத்தாலும் சிட்டிகைத் தூளே மிஞ்சும் துறையில் இந்தப் பயிற்சி எவ்வளவு உதவியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் எடின்பரோவில் வேதியியலாளர் பார்கரிடமும் சில காலம் பணியாற்றினார்.

1930-இல் நாடு திரும்பிக் கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1930-களின் முற்பகுதியில் விசாகப்பட்டினத்தின் வால்டேரில் இருந்த ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கு வேதியியல் துறையைக் கட்டி எழுப்பினார். மருந்தியலுக்கும் வேதித் தொழில்நுட்பத்துக்கும் தனிப் படிப்புகள் உருவாகக் காரணமாக இருந்தார். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்ததும் பல்கலைக்கழகம் குண்டூருக்கு மாறியது. ஆய்வகத்தை மூட்டைகட்டி வேற்றூரில் விரிக்க வேண்டிய நிலையிலும் கட்டுரைகள் நிற்கவில்லை.

அந்த ஆண்டுகளின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். கம்போடியாப் பருத்தியில் தொடங்கிப் பல பருத்தி இனங்களின் பூக்கள், பூவரசு, புளிச்சை என ஒரே தாவரக் குடும்பத்தின் பூக்களை அவர் குழு வரிசையாக எடுத்துக்கொண்டது. இதழ்களை உலர்த்தி, சூடான ஆல்கஹாலில் பலமுறை ஊறவைத்து வடித்து, வடித்ததை வற்றவைத்துப் படிகம் விழக் காத்திருக்க வேண்டும். இன்றைய நிறமாலைக் கருவிகள் எதுவும் கிடையாது. உருகுநிலை, காரத்தில் காட்டும் நிறமாற்றம், மூலக்கூறை உடைத்தால் கிடைக்கும் துண்டுகள் ஆகியவையே சான்று. பருத்திப்பூவின் மஞ்சள் நிறப்பொருளான காசிபெட்டின் காரக்கரைசலில் மஞ்சளிலிருந்து பச்சைக்கும் நீலத்துக்கும் நகரும். வெங்காயத்தோலில் உள்ள குவர்செட்டின் அப்படி நகராது.

இந்த இரண்டுக்கும் உள்ள உறவில்தான் சேஷாத்ரியின் மிகச் சிறந்த சிந்தனை இருக்கிறது. குவர்செட்டினில் 5 ஹைட்ராக்சில் தொகுதிகள், காசிபெட்டினில் 6. எளியதிலிருந்து மற்றதைச் செய்ய முடியுமா? குவர்செட்டினின் நான்கு ஹைட்ராக்சில்களை மெத்தில் தொகுதிகளால் மூடி, ஐந்தாம் இடத்தில் இருப்பதை மட்டும் திறந்துவிட்டு, காரக்கரைசலில் பெர்சல்பேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். அதே வளையத்தின் எதிர்முனையில், எட்டாம் இடத்தில், புதிய ஹைட்ராக்சில் அமர்ந்தது. மூடியிருந்த மெத்தில்களை நீக்கியதும் கிடைத்தது காசிபெட்டின். 1940-களில் செய்து முடித்த இந்த வேலை ஒரு தயாரிப்பு முறையோடு நிற்கவில்லை. செடியும் முதலில் எளிய மூலக்கூறை ஆக்கி, பிறகே அதில் கூடுதல் ஆக்சிஜனைச் சேர்க்கிறது என்ற கருத்தை அவர் இதிலிருந்து வளர்த்தார். சோதனைக் குடுவையில் நடப்பதை வைத்துப் பூவுக்குள் நடப்பதை ஊகிக்கும் இந்தத் துணிவுதான், வெறும் பொருள் பட்டியல் தயாரித்தவர்களிலிருந்து அவரைப் பிரித்துக் காட்டுகிறது.

புங்கத்திலிருந்து கிடைக்கும் பொங்காமால் என்ற பொருள், செஞ்சந்தனத்தின் செந்நிறப் பொருள்கள், வேம்பின் கசப்புப் பொருள்கள் ஆகியவையும் அவர் ஆய்வில் இடம்பெற்றன. மசாலாக் கடையில் விற்கும் கல்பாசி என்ற லைக்கன் வகையையும் விடவில்லை. இந்திய லைக்கன்களின் வேதியியலில் அவருடைய கட்டுரைத் தொடர் 1940-இல் தொடங்கியது.

1949-இல் துணைவேந்தர் மாரிஸ் குவையரின் அழைப்பில் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறைத் தலைவரானார். அந்தத் துறை பின்னர் இயற்கைப் பொருள் வேதியியலுக்கான உயர்நிலை ஆய்வு மையமாகப் பல்கலைக்கழக மானியக் குழுவால் ஏற்கப்பட்டது. 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1963-இல் பத்மபூஷண், 1967-இல் இந்திய அறிவியல் மாநாட்டின் பொதுத் தலைவர் எனப் பெருமைகள் வந்தன. 1965-இல் ஓய்வுபெற்ற பின்னும் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தகைசால் பேராசிரியராக மாணவர்களுக்கு வழிகாட்டினார்.

மாணவர்களின் எண்ணிக்கையை அவர் பெருமைகளில் ஒன்றாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. வால்டேரில் அவரிடம் பயின்ற எல். ராமச்சந்திர ராவும் எஸ். ரங்கசாமியும் தாமே தாவர வேதியியலில் பெயர்பெற்ற பேராசிரியர்கள் ஆனார்கள். ராயல் சொசைட்டி 1979-இல் வெளியிட்ட சேஷாத்ரியின் வாழ்க்கைக் குறிப்பை பிரிட்டன் வேதியியலாளர் வில்சன் பேக்கருடன் சேர்ந்து எழுதியவர் அந்த ரங்கசாமிதான்.