குச்சிப்பூச்சி: உருமறைப்பின் உடற்கூறு

உருமறைப்பு என்ற சொல் எங்களில் பலருக்கு இராணுவச் சீருடையோடுதான் அறிமுகமானது. விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் அதே சொல்லுக்கு உதாரணமாக வருவது குச்சிப்பூச்சி. காணி, மீள்குடியேற்றம் பற்றியே அதிகம் எழுதிவந்த நான் இந்தப் பூச்சியைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதும் அந்தச் சொல்லின் வழியாகத்தான். ஒளிந்திருப்பதற்கென்றே உடலெடுத்த ஓர் உயிரை எப்படி இனங்காண்பது, எப்படிப் பதிவுசெய்வது என்ற கேள்வி என்னை விடவில்லை.

கும்பிடுபூச்சி அல்ல

பலரும் இதனைக் கும்பிடுபூச்சி என்று எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு. கும்பிடுபூச்சி முட்கள் கொண்ட முன்கால்களால் இரை பிடிக்கும். குச்சிப்பூச்சி இலை மட்டுமே தின்னும். எந்த உயிரையும் வேட்டையாடாது.

குச்சிப்பூச்சிகளும் இலைப்பூச்சிகளும் சேர்ந்த வரிசைக்கு ஃபஸ்மடோடியா என்று பெயர். 'தோற்றம்', 'ஆவி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. இதுவரை 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் விபரிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை வெப்பவலயத்தில் வாழ்பவை. போர்னியோவைச் சேர்ந்த ஓர் இனத்தின் உடல் மட்டும் 35.7 சென்ரிமீற்றர் நீளம்.

உடலமைப்பு

உலக ஆய்வுகூடங்களில் மிக அதிகமாக ஆராயப்பட்ட குச்சிப்பூச்சி தமிழ்நாட்டுக்குரியது. கொடைக்கானலுக்கு அருகிலுள்ள செண்பகனூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற இந்த இனத்தை 1901இல் சினெற்றி என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி விபரித்தார். இன்று அதன் பெயர் கரௌசியஸ் மொரோசஸ்.

எல்லாப் பூச்சிகளையும் போல இதற்கும் தலை, நெஞ்சு, வயிறு என மூன்று பகுதிகள். நெஞ்சின் முதற்துண்டு சிறியது. நடுத்துண்டும் பின்துண்டும் நீண்டிருப்பதால்தான் உடல் குச்சியாகிறது. முன்கால்களின் தொடை அடியில் உள்நோக்கி வளைந்திருக்கும். கால்களை முன்னே நீட்டும்போது தலை அந்த வளைவுக்குள் அடங்கிவிடும். பார்ப்பவருக்குத் தலை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. பல இனங்களுக்குச் சிறகு இல்லை; சிலவற்றுக்குப் பெயரளவில் மட்டும் உண்டு.

செண்பகனூர்ப் பூச்சி இரவில் கருமையாகவும் பகலில் வெளிறியும் தோன்றும். தோலின் கலங்களுக்குள் நிறமணிகள் இடம்மாறுவதே காரணம். எதிரி பிடித்தால் காலைக் கழற்றிவிட்டுத் தப்பும். தொடையின் அடியில் அதற்கென ஒரு முறியும் இடம் இருக்கிறது. இளம் பூச்சிகளில் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கால் மீண்டும் வளரும். முதிர்ந்த பூச்சி தோலுரிப்பதில்லை; அதனால் இழந்த கால் திரும்புவதில்லை.

இதன் ஆறு கால்களும் ஒன்றோடொன்று எப்படி இசைந்து நடக்கின்றன என்பதை ஜேர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் ஆராய்ந்து, 'ஹெக்டர்' என்ற நடக்கும் றோபோவையும் உருவாக்கியிருக்கிறார்கள்.

முட்டை

முட்டையும் ஒளிந்தே வாழும். அது விதையைப் போலவே இருக்கும். ஒரு முனையில் சிறு மூடி, குஞ்சு அதைத் தள்ளித் திறந்து வெளிவரும். பல இனங்களில் மூடியின்மேல் ஒரு குமிழ் உண்டு. குமிழைத் தின்பதற்காக எறும்புகள் முட்டையைப் புற்றுக்குக் கொண்டுபோகும். முட்டைக்குச் சேதமில்லை, மண்ணுக்கடியில் பாதுகாப்பும் கிடைக்கிறது. செண்பகனூர்ப் பூச்சியில் ஆண் மிக அரிது. பெண், ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகும்.

வகைப்படுத்தலின் சிக்கல்

முதற்பிரிவு எளிது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் டிமேமா என்ற சிறு பூச்சிகளின் பாதத்தில் மூன்று கணுக்கள். ஏனையவற்றுக்குப் பொதுவாக ஐந்து. அதற்குப் பிறகுதான் சிக்கல். கணைக்கால் நுனியில் ஒரு சிறு முக்கோணப் பகுதி உண்டா, இல்லையா என்பதை வைத்து முன்னர் இரு பெரும் பிரிவுகளாக்கினர். மரபணு ஆய்வுகள் அந்தப் பிரிவை ஏற்கவில்லை. பழைய உலகம், புதிய உலகம் என நிலப்பரப்பை ஒட்டியே பெருங்கிளைகள் பிரிந்திருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபடுவது இன்னொரு சிக்கல். பப்புவா நியூகினியின் ஓர் இலைப்பூச்சி வகையில், ஆணுக்கு ஒரு பேரினப் பெயரும் பெண்ணுக்கு இன்னொன்றும் இருந்தன. கனடாவின் மொன்றியல் பூச்சியகத்தில் ஒரே தாயின் முட்டைகள் பொரித்து வளர்ந்தபோதுதான் இரண்டும் ஒன்றெனத் தெரிந்தது. 2020இல் அது வெளியிடப்பட்டது.

பதிவு காப்பாற்றிய அடையாளம்

1918இல் அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள லோர்ட் ஹவ் தீவில் ஒரு கப்பல் தரைதட்டியது. அதிலிருந்து எலிகள் கரையேறின. சில ஆண்டுகளுக்குள் அத்தீவின் பெரிய குச்சிப்பூச்சி இல்லாமற்போனது, அழிந்ததாகவே பதிவானது. 2001இல், அங்கிருந்து ஏறத்தாழ 23 கிலோமீற்றர் தொலைவில் கடலுக்குள் நிமிர்ந்து நிற்கும் போல்ஸ் பிரமிட் என்ற பாறையில், ஒரு புதரடியில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட பூச்சிகள் உயிரோடு இருந்தன. 2003இல் இரண்டு சோடிகளை எடுத்துவந்து, அவற்றில் ஒரு சோடியை மெல்பேர்ன் மிருகக்காட்சிசாலையில் பெருக்கினார்கள்.

ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. இவை அருங்காட்சியக மாதிரிகளைவிட வேறுபட்டுத் தெரிந்தன. பழைய மாதிரிகளின் மரபணுவோடு ஒப்பிட்ட பிறகே, 2017இல், இது அதே இனந்தான் என்று உறுதியானது. எலிகள் வருமுன்னர் யாரோ பிடித்துப் பாதுகாத்து, இடத்தை எழுதிவைத்திராவிட்டால் ஒப்பிட எதுவும் இருந்திராது. இல்லாமற்போன ஒன்று ஒருகாலத்தில் இருந்தது என்பதற்குப் பெயரும் இடமும் திகதியுமே சாட்சி. இதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இலங்கையிலும் குச்சிப்பூச்சிகளும் இலைப்பூச்சிகளும் இருக்கின்றன. இங்கு மட்டுமே வாழும் இனங்களும் உண்டு. வேலியிலோ கொய்யா மரத்திலோ ஒன்றைக் கண்டால் அடித்துவிடாதீர்கள். படமெடுத்து, ஊர், திகதி, அது இருந்த செடி ஆகிய மூன்றையும் குறித்துவையுங்கள். ஐநச்சுரலிஸ்ட் போன்ற இணையத்தளங்களில் எவரும் இலவசமாகப் பதிவிடலாம்.