பட்டிப்பூ

பட்டிப்பூ (நித்தியகல்யாணி, சுடுகாட்டுமல்லி): அலரிக் குடும்பத்துச் சிறு செடி. தாவரவியற் பெயர் கதராந்தஸ் ரோசியஸ். இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை நிறத்தில் ஐந்து இதழ்களோடு பூக்கும். அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு முதலிய வட இலங்கைத் தீவகப் பகுதிகளின் மணற்பாங்கான வளவுகளில், எவரும் நீர் ஊற்றாமலே ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும். இலை கசக்கும், நச்சுத்தன்மையும் உண்டு, ஆடுமாடு பெரும்பாலும் வாய் வைக்காது. புற்றுநோய்க்கு மருந்து தந்த மூலிகைகளுள் வரலாறு விரிவாகப் பதிவானவற்றில் இதுவும் ஒன்று.

தொடக்கம்: தாயகம் மடகாஸ்கர். 18ஆம் நூற்றாண்டில் பாரிசிலிருந்து பெற்ற விதையைக் கொண்டு பிலிப் மில்லர் இங்கிலாந்தின் செல்சி மூலிகைத் தோட்டத்தில் இதை வளர்த்தார். 1759இல் லின்னேயஸ் விங்கா ரோசியா எனப் பெயரிட்டார். இலங்கைக்கு ஐரோப்பியக் கப்பல்கள் வழியே வந்ததாகக் கருதப்படுகிறது. யமேக்கா, பிலிப்பைன்ஸ் உட்படப் பல நாடுகளில் இலைக் கசாயம் நீரிழிவுக்குக் குடிக்கப்பட்டது.

ஆய்வுக் காலம் (1952–1963): 1952இல் யமேக்காவிலிருந்து 25 இலைகள் கனடிய மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு அஞ்சலில் வந்தன. அனுப்பியவர் அவருடைய நோயாளி என்பர் சிலர். யமேக்க மருத்துவர் ஒருவர் என்பர் வேறு சிலர். 1921இல் இன்சுலின் ஆய்வில் பான்டிங்குக்கு முதலில் உதவப்போவது யார் எனக் காசு சுண்டிப் பார்த்தபோது சார்ள்ஸ் பெஸ்டிடம் தோற்றவர் இந்த நோபிள்தான் என்றொரு கதை உண்டு. அதை ஐயுறுவோரும் உளர். கிளார்க் நோபிள் அந்த இலைகளை ஒன்ராறியோவில் ஆய்வாளராயிருந்த தம்பி றொபேட் நோபிளிடம் கொடுத்தார்.

சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது குருதியில் சர்க்கரை குறையவில்லை. ஊசியாக ஏற்றியபோது எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றால் இறந்தன. வெண்குழியங்கள் பெருமளவு குறைந்து, என்புமச்சை நலிந்திருந்தது. வெண்குழியங்கள் கட்டின்றிப் பெருகும் நோய்க்கு இதுவே மருந்தாகலாம் என்ற எண்ணம் இங்கே பிறந்தது. றொபேட் நோபிளின் ஆய்வுக்குழுவில் 1954இல் சேர்ந்த வேதியியலாளர் சார்ள்ஸ் பியர், அவருடன் இணைந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்ற அல்கலோயிட்டைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடாவும் இர்விங் ஜோன்சனும் அதே செடியை ஆராய்ந்தனர். அங்கிருந்து வின்கிறிஸ்டின் வெளிவந்தது. 1963இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. முதற்பெருமை எவருக்கு என்பதில் கருத்தொற்றுமை இல்லை. தாயகமான மடகாஸ்கருக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற குறையும் பலரால் எடுத்துரைக்கப்படுகிறது.

இவ்விரு அல்கலோயிட்டுகளும் கலம் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கின்றன. வின்கிறிஸ்டின் சிறுவரின் இரத்தப் புற்றுநோய்க்கும், வின்பிளாஸ்டின் ஹொட்ஜ்கின் நோய்க்கும் சிறப்பாகப் பயன்படுகின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பர்.

பிற்காலம்: தமிழ்நாட்டில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் மானாவாரியாகப் பயிராகிறது. 2022இல் மதுவத்தைக் கொண்டு வின்பிளாஸ்டினுக்கான மூலக்கூறுகளை ஆக்கும் முறை வெளியிடப்பட்டது.

நோய்த்தடுப்பு: பட்டிப்பூ, புற்றுநோய் வந்தபின் கொடுக்கும் மருந்துக்கு மூலம், நோய் வராமல் காப்பதற்குச் சான்றில்லை. மஞ்சள் முதலியவை ஆய்வுகூடத்தில் நம்பிக்கை தந்தாலும் மனிதரில் தடுப்பாற்றல் உறுதிப்படவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், தாவர நிறமியான பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது (1994). சபைக்குச் சபை தட்டில் வைத்து நீட்டப்படும் பாக்கு, புகையிலை சேராவிடினும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. இலங்கையில் 2017 முதல் பாடசாலைச் சிறுமியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி ஏற்றப்படுகிறது.

இலையை அவித்துக் குடிப்பது மருந்தாகாது, நஞ்சாகலாம். தூய்மைப்படுத்திய மருந்தையும் மருத்துவர் கண்காணிப்பில் நாளத்தினூடாக மட்டுமே ஏற்றலாம். வட மாகாணத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குரிய முதன்மை நிலையம் தெல்லிப்பழையில் உள்ளது. அனலைதீவார் அதனை அடையப் படகேறிக் கடல் கடக்கவேண்டும்.