பள்ளிக்கூடத்துக்கு அட்டை வந்த கதை

வகுப்பறையில தொழில்நுட்பம்னு சொன்னதும் நகரத்துல இருக்கிற நீங்க பெரிய திரையத்தான் நினைப்பீங்க. எங்க ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தோதா வந்தது வெறும் அட்டை. அது வந்த வழியைச் சொல்றேன்.

எழுபது, எண்பதுகள்ல சிவகாசி, சாத்தூர் சுத்துப்பட்டுல விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். (இங்க ஆலையை ஆபீஸ்னுதான் சொல்லுவோம்.) தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போகும். 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. அப்புறம் அரசாங்கம் சிறப்புப் பள்ளிகளைத் திறந்துச்சு. ஆனா பத்து வயசுல 'அ' எழுதப் பழகுறவனும், ஏழு வயசுல கதை வாசிக்கிறவளும் ஒரே கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தா வாத்தியார் யாருக்குன்னு பாடம் நடத்துவார்?

இதே சிக்கல் வேலூர்லயும் இருந்துச்சு. தொண்ணூறுகள்ல அங்க கலெக்டரா இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமையில இருந்து மீட்ட பிள்ளைகளுக்காக ஆந்திராவுல ரிஷி வேலி பள்ளிக்காரங்க நடத்தின அட்டை முறையைக் கொண்டுவந்தார். 2003ல சென்னை மாநகராட்சியோட 13 பள்ளிகள்ல அது ஆரம்பமாச்சு. 2007–08ல தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துச்சு. செயல்வழிக் கற்றல்னு பேரு.

பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு படச் சின்னம் போட்டிருக்கும். சுவர்ல கற்றல் ஏணி தொங்கும். அதைப் பார்த்து பிள்ளையே தன் அட்டையை எடுத்துக்கும். ஆசிரியர் பாயில கூட உட்காருவாங்க. பிள்ளை கைக்கு எட்டுற உயரத்துல சுவரோரம் கரும்பலகை. பருத்தி எடுப்புக்குப் பெத்தவங்களோட போய் ஒரு வாரம் வராத பிள்ளை, திரும்பி வந்து விட்ட படியில இருந்தே தொடரலாம். எனக்கு அதுல பிடிச்சது இதுதான். அட்டை கிழியும், தொலையும். ரெண்டு ஆசிரியர் பள்ளியில திண்டாட்டமும் உண்டு. "பிள்ளை விளையாடிட்டு வருது"ன்னு சொன்ன தாய்மாரும் உண்டு.

திரை அப்புறம்தான் வந்துச்சு. 2011ல மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி, 2019ல கல்வித் தொலைக்காட்சி. தொலைக்காட்சிப் பாடம் எல்லாருக்கும் ஒரே வேகத்துல ஓடுது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்காக அது நிக்காது. 2020ல கொரோனாவால பள்ளி மூடினப்ப, கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் கதி.

அந்த இழப்பைச் சரிக்கட்ட 2022 ஜூன்ல 'எண்ணும் எழுத்தும்' ஆரம்பிச்சாங்க. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையாப் பிரிக்கிறாங்க. மதிப்பீட்டை ஆசிரியர் கைப்பேசிச் செயலியில பதியணும். பேரு அழகாத்தான் இருக்கு. ஆனா ஏணியில தான் எந்தப் படியில நிக்கிறோம்னு பிள்ளைக்கே தெரிஞ்சுச்சு. செயலியில இருக்கிறது ஆசிரியருக்கும் மேல உள்ளவங்களுக்கும்தான் தெரியுது. அரும்புல இருக்கிற பிள்ளைக்கு அடுத்த படி எதுன்னு காட்ட, வகுப்புச் சுவர்ல ஏதாவது தொங்கட்டும்.